இருபத்துமூன்று சொற்கள்

அந்தப் பதிப்பகத்தில் எல்லோரும் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்த்து "என்ன?" என்பாள். பட்டப்பெயர் வைத்தால் சண்டைக்கு வருகிற ரகம் உண்டு, அவள் அந்த ரகமில்லை. உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. பதினொரு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது இவளைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் வாழ்த்துவதற்கு முன்னால் சிவப்புப் பேனாவைத் தேடுவாள். வயது முப்பத்துநாலு. தனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்குக் காரணம், வந்த வரன்களில் ஒன்றுகூடப் பிழையில்லாமல் வரவில்லை என்பது அவளுடைய விளக்கம். அவளுடைய அக்காவின் விளக்கம் வேறு. "உனக்கு மனுஷனைப் பார்த்தா மனுஷனாவே தெரியாது. தாளாத்தான் தெரியும்" என்பாள் அக்கா.

முதலாளியம்மாவுக்கு ஒரு பழைய காதல் நாவல்மேல் பைத்தியம். நூறு வருஷத்துக்கு முந்தையது. நாற்பது தடவையாவது படித்திருப்பார். கதை பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. கப்பல் கம்பெனி வாரிசு ஒருவன், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகள் ஒருத்தி. அவன் முதல் நாளே விறைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் அவனைப் பொல்லாதவன் என்று முடிவு கட்டிவிடுகிறாள். முந்நூறு பக்கம் கழித்து இருவருக்கும் புத்தி வருகிறது. இதில் அவன் செய்தது அதிகமா அவள் செய்தது அதிகமா என்று கடைசிவரை சொல்லாமல், இரண்டு தட்டையும் சமமாகப் பிடித்துக்கொண்டே போயிருப்பார் ஆசிரியர். அந்தச் சமநிலையில்தான் நாவலின் உயிரே இருக்கிறது என்பது முதலாளியம்மாவின் கட்சி. அதை மறுபதிப்புக் கொண்டுவரப் போவதாக அறிவித்தபோது கழுகைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இது ஒரு பிழை இல்லாம வெளிய வரட்டும். பிரிவுத் தலைவி நாற்காலி உனக்குத்தான்."

பழைய தலைவர் ஓய்வுபெற்றுப் போய் நாலு மாதமாக அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. கழுகு அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கையை அதன் முதுகில் வைத்துவிட்டுப் போவாள்.

வேலை நடக்கிற முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்த கூத்து புரியாது. பழைய புத்தகத்தின் தாள் தொட்டால் உதிரும். அதைக் கையால் தட்டச்சு செய்து புதிய பக்கங்கள் எடுத்திருந்தார்கள். இரண்டையும் ஒப்புநோக்க வேண்டும். ஒருவர் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார், புள்ளி, குறி ஒன்று விடாமல். எதிரில் இருப்பவர் புதிய பக்கத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார், கையில் பேனாவோடு. காதல் கடிதமாக இருந்தாலும் "மேற்கோள் திறப்பு, என் உயிரே, காற்புள்ளி, இனியும் தாங்கேன், வியப்புக்குறி, மேற்கோள் மூடல்" என்றுதான் வாசிக்க வேண்டும். முதன்முதலில் கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதில் ஒரு விதி உண்டு, அந்தப் பதிப்பகத்தில் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள்: காதில் விழுந்த சொல்லும் தாளில் உள்ள சொல்லும் வேறாக இருந்தால், பேனாவை எடுக்கும் முன் மூலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாசிப்பவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும், திருத்துபவர் எட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் திருத்தம்.

வாசிப்பதற்குப் புதிதாக ஒருவரை எடுத்தார்கள். அவன் சேர வந்த அன்று காலை கழுகு ஒரு கச்சேரியே நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு திறமை. யாரைப் பார்த்தாலும் அச்சு அசலாக நடித்துக் காட்டுவாள். முதலாளியம்மா மூக்கை உறிஞ்சுவது, வடிவமைப்பாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவது எல்லாம் முடிந்து, கடைசியில் தாள் மொத்த வியாபாரிக்கு வந்தாள். பாவம், அவருக்குத் திக்குவாய். கழுகு கண்ணை இறுக்கி மூடி, தாடையை இழுத்து, "த... த... தாள் வண்டி கி... கி... கிளம்பிடுச்சும்மா" என்றதும் அறையே அதிர்ந்தது. அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட கண்ணாடிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நெட்டையாக ஒருவன் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கழுகைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"யாரு இந்தத் துரை? சிரிச்சா சம்பளத்துல பிடிச்சிடுவாங்களா?" என்றாள் கழுகு, அவன் உள்ளே போனதும். அன்றிலிருந்து அவன் பெயர் துரை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் அலமாரிக்குப் பின்னால் அகராதி தேடிக்கொண்டிருந்தவளின் காதில், முதலாளியம்மாவிடம் அவன் சொன்னது தெளிவாக விழுந்தது.

"அவங்களோட உட்கார்ந்து வாசிக்க என்னால ஆகாதுங்க. வேற யாரையாவது குடுங்க."

"இங்க இருக்கறதுலயே கெட்டிக்காரி அவதான். உட்காருங்க, எல்லாம் சரியாயிடும்."

கழுகுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளோடு உட்கார ஆகாதாமே! பதினொரு வருஷத்தில் அவளோடு உட்காரமாட்டேன் என்று சொன்ன முதல் ஆள். அப்படி என்ன குறைந்துபோனாள் இவள்? அன்று சாயங்காலம் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன் ஆகாதாம்?"

"கேக்கல."

"கேக்க வேண்டியதுதானே?"

"நானா? நான் போய் அவன்கிட்டக் கேக்கணுமா?"

"சரிதான்" என்று அக்கா அடுத்த துணியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு துரை எது செய்தாலும் அவளுக்குத் திமிராகத்தான் தெரிந்தது. மற்றவர்கள் எல்லோரும் "புதுப்பத்தி" என்று வாசிக்கிற இடத்தில் அவன் "அடுத்தது" என்றான். இந்தப் பதிப்பக வழக்கம்கூடத் துரைக்குப் பிடிக்கவில்லையோ! எதிரில் இருந்த தேநீர்க் கடையில் பன் வாங்கும்போது பேர் சொல்லிக் கேட்கமாட்டான். கண்ணாடி ஜாடியைக் கையால் காட்டி "அது ஒண்ணு" என்பான். கடைக்காரர் என்ன இவன் வீட்டு வேலைக்காரரா? கேட்டதற்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அதற்குமேல் பேச்சில்லை.

ஆனால் ஒன்று. வாசிக்க ஆரம்பித்தால் அவன் வேறு ஆள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு குரல். குறிகளோடு சேர்த்து ஒரு தாளம் பிடித்துக்கொண்டு, கால்நடையாக மெதுவாக ஊருக்குப் போகிறவன்போல நிதானமாகப் போவான். காற்புள்ளி வந்தால் ஒரு மூச்சு, முற்றுப்புள்ளி வந்தால் ஒரு முழு மூச்சு. இரண்டாவது வாரத்தில் கழுகு காலையில் சீக்கிரமே வரத் தொடங்கினாள். மூன்றாவது வாரத்தில், கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு கடிகாரக் கடை வாசலில் நிற்கிற இடத்தை அவன் வாசித்தபோது அவளுக்குப் பேனா பிடித்த விரல் அசையவில்லை. தாளைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்திவிட்டு, "வரி தவறிடுச்சா?" என்று கேட்டான். அவள் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. எனக்கு இவனைப் பிடித்துத் தொலைத்துவிட்டதே என்று அன்று குளியலறையில் முகத்தைக் கழுவிக்கொண்டே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில்தான் பதினோராவது அத்தியாயம் முடிந்ததும் அவள் கேட்டாள். அவளாக அவனிடம் வேலை தாண்டிக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஏன் சார், இதுல தப்பு யார் மேல? அவன் மேலயா, அவ மேலயா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டான். தோளை லேசாகக் குலுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அறையில் கண்ணாடிக்காரி இருந்தாள், வடிவமைப்பாளர் இருந்தார். இத்தனை பேர் முன்னால் ஜன்னலைப் பார்க்கிறான்! கழுகுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா சார்? எங்ககூட உட்கார்றதே உங்களுக்கு ஆகாதுன்னு நீங்க வந்த மறுநாளே தெரியும். தெரிஞ்சும் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. புத்தகத்தைக் கையில் எடுத்து, "அடுத்த அத்தியாயம்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அந்த மேஜை போர்க்களம். வாசிப்பைத் தவிர ஒரு சொல் கிடையாது. அவன் வாசிக்க வாசிக்க அவள் பேனாவின் அடிப்பக்கத்தை மேஜையில் தட்டிக்கொண்டே இருப்பாள், சீக்கிரம் ஆகட்டும் என்பதுபோல. அவனுடைய தாளம் போய்விட்டது. நடுநடுவே நிறுத்துவான், தண்ணீர் குடிப்பான். இடையிடையே தாளில் ஒரு சொல்லும் அவன் வாயில் ஒரு சொல்லும் வரும். தாளில் "பெருமிதம்" என்றிருக்கும்; அவன் "கர்வம்" என்று வாசிப்பான். தட்டச்சு செய்தவர் தப்பாக அடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு அவள் சிவப்பில் திருத்துவாள். எட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் "கொஞ்சம் காட்டுங்க" என்று அவனிடம் கேட்க வேண்டும். அவனிடம் கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு.

புத்தகம் முடிந்தது. திருத்திய பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் முதலாளியம்மா ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போனார். இரண்டு நாள் கழித்து எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இவன் யாரு?"

"யாரும்மா?" என்றாள் கழுகு.

"இந்த நாவல்ல வர்ற ஆளு! இவனை எனக்குத் தெரியாதே. நாற்பது வருஷமா எனக்குத் தெரிஞ்சவன் பெருமிதக்காரன். உள்ள கூச்சம், வெளிய விறைப்பு. இவன் கர்வம் பிடிச்சவனா இருக்கான். அவளைப் பாரு, பொறுத்துக்கிட்டவ இப்ப சகிச்சுக்கிட்டவளா ஆயிட்டா. பிடிவாதக்காரி வீம்புக்காரி ஆயிட்டா. முதல் பாதியில எல்லாம் சரியா இருக்கு, ரெண்டாம் பாதியில தட்டு ரெண்டும் கோணிக்கிட்டு நிக்குது. அச்சை நிறுத்தச் சொல்லிட்டேன்."

பழைய புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். "பெருமிதம்" என்றுதான் இருந்தது. தட்டச்சிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சரியாக இருந்ததைத் தப்பாக்கியது சிவப்பு மை. கழுகின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவர் அப்படித்தாம்மா வாசிச்சார்! சத்தியமா!"

முதலாளியம்மா அவனைப் பார்த்தார். "நீங்க மாத்தி வாசிச்சீங்களா?"

"ஆமாங்க. நான்தான்."

"ஏன்?"

"காரணம் ஒண்ணும் இல்லைங்க" என்றான்.

"திமிர்ம்மா, வேற என்ன? செத்துப்போன ஆசிரியரையே திருத்துற திமிர்!" என்றாள் கழுகு.

முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார். "சரி, நீ? மூலத்தைப் பார்த்துட்டுத்தானே பேனாவை எடுத்த?"

நாலு மாதமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்த நாற்காலி கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது:

"கேட்டேம்மா. அவர் காட்டலை."

பச்சைப் பொய். அவன் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுக்கவில்லை.

முதலாளியம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவனை வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார். கழுகு தனியாக உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, மாறிய சொற்களை ஒன்று விடாமல் எழுதித்தர வேண்டும். நாற்காலி விஷயத்தையும் வெள்ளிக்கிழமையே முடித்துவிடலாம் என்றார்.

மூன்று நாள் தலை நிமிராமல் பார்த்தாள். ஒரு தாளை இரண்டாக மடித்து இடது பக்கம் மூலச் சொல், வலது பக்கம் அவன் வாசித்த சொல். வியாழக்கிழமை மத்தியானம் பட்டியல் முடிந்தது. இருபத்துமூன்று. பேனாவை மூடப் போனவள் இடது பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

பெருமிதம். பிடிவாதம். பொறுத்துக்கொண்டாள். பயந்தான். பணிவோடு. பேதை. புன்னகை.

கழுகுக் கண் சும்மா விடுமா? இருபத்துமூன்றும் ஒரே எழுத்தின் வரிசையில் தொடங்குகின்றன. புத்தகத்தைப் புரட்டினாள். எல்லாமே வாக்கியத்தின் முதல் சொல், முற்றுப்புள்ளி தாண்டி அவன் மூச்செடுத்துத் தொடங்குகிற இடம். ஆசிரியரைத் திருத்த நினைக்கிறவன் எழுத்துப் பார்த்தா திருத்துவான்? அதுவும் "பயந்தான்" என்பதை "அஞ்சினான்" என்று மாற்றி அவனுக்கு ஆகப்போவது என்ன?

புதுப்பத்தி என்று ஒருநாளும் சொல்லாதவன். பன் என்று கேட்காமல் கையைக் காட்டியவன். கேள்வி கேட்டபோது திறந்த வாய் திறந்தபடி நின்றவன்.

அவனுக்குத் திக்குகிறது. அவ்வளவுதான் விஷயம். தடுக்கிற சொல் வந்தால், யாருக்கும் தெரியாமல் சட்டென்று பக்கத்துச் சொல்லுக்குத் தாவிவிடுகிறான். எத்தனை வருஷமாகப் பழகியிருந்தால் அத்தனை லாவகம் வரும்! அவன் வேலைக்கு வந்த அன்று காலை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடி, தாடையை இழுத்து. அறையே சிரிக்க. அவன் பையோடு வாசலில் நின்று அதைப் பார்த்தான். அவளோடு உட்கார ஆகாது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வான்?

இன்னொன்றும் பட்டியலில் இருந்தது, அது அவளை இன்னும் அதிகமாகக் குத்தியது. முதல் பதினொரு அத்தியாயங்களில் ஒரு சொல்கூட மாறவில்லை. இருபத்துமூன்றும் அவள் முத்து உதிர்ந்துடுமா என்று கேட்ட பிறகு வந்தவை. தாளத்தோடு போய்க்கொண்டிருந்தவனைத் தட்டித் தட்டித் தடுக்க வைத்தது அவள். சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது. பட்டியலின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள்.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரே சொல்லலை. நீ எதுக்குச் சொல்லணும்?" என்றாள் கடைசியில். "நாளைக்கு அவர் போயிடுவார். நாற்காலி வந்துடும். பதினொரு வருஷம் உழைச்சிருக்க. நான் சொல்றது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல. ஆனா யாருக்குத் தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரியும்" என்றாள் கழுகு.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியம்மா அறைக்குள் அவள் போனபோது அவனும் அங்கே இருந்தான், சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துக்கொண்டு. அவன் போன பிறகு சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் மனசு பின்வாங்கியது. பட்டியலை மேஜைமேல் வைத்தாள்.

"அவர் காட்டலைன்னு சொன்னேன்லம்மா, அது பொய். நான் கேக்கவே இல்ல. புத்தகம் எனக்கு அரை முழத் தூரத்துலதான் இருந்துச்சு. எட்டிப் பார்த்திருந்தா ஒரு சொல்கூட மாறியிருக்காது. அவர்கிட்டக் கேக்குறது எனக்குக் கௌரவக் குறைச்சலாப் பட்டுச்சு. விதிப்படி தப்பு பேனா பிடிச்சவ மேல. இருபத்துமூணும் என்னுது."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவர் எதுக்கு மாத்தி வாசிச்சார்?"

"அது அவர் விஷயம்மா. அவர் சொல்லணும்னு அவசியமில்ல."

அவன் திரும்பிப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"இல்லைங்க" என்றான். "ப..."

நின்றது. உதடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கழுகுக்கு அவனுக்காக மூச்சு முட்டியது. ஆனால் அவள் தலையைக் குனியவில்லை, அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. முதலாளியம்மாவும் அசையாமல் இருந்தார்.

"ப... ப... பாதி" என்றான் அவன். வியர்த்துவிட்டது. "பாதி என்னுதுங்க. எனக்கு இந்த எழுத்து வராது. சின்ன வயசுல இருந்தே. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மாத்தி மாத்திச் சொல்லிப் ப... பழகிட்டேன். முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லலை. வீம்புதான்."

நாவலில் தப்பு யார் மேல என்று அவள் கேட்டபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அன்று அவன் விழுங்கிய பதில் இந்தப் பாதிதான் என்று கழுகுக்குப் புரிந்தபோது கண் நிறைந்துவிட்டது.

முதலாளியம்மா கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நாற்பது தடவை படிச்சேன். என் ஆபீசுக்குள்ளயே நடக்குது, எனக்குத் தெரியல பாரு" என்றார். ஆனால் நியாயம் சொல்லும்போது குரலில் தளர்வில்லை. "நீங்க போக வேண்டாம். நாற்காலி கண்ணாடிக்காரிக்கு. தப்பாத் திருத்தினதுக்காக இல்ல, பொய் சொன்னதுக்காக. ரெண்டு பேரும் உட்கார்ந்து முதல் அத்தியாயத்துல இருந்து மறுபடி வாசிங்க."

நாற்காலி போனது வலிக்கத்தான் செய்தது. கண்ணாடிக்காரி அதில் தயங்கித் தயங்கி உட்கார்ந்த அன்று கழுகு மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. நம்மிடம் கற்றுக்கொண்டவளிடம் நாம் விடுமுறை கேட்டு நிற்க வேண்டும் என்பது சின்ன விஷயமா என்ன? நல்லது செய்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்கிறார்களே, அவர்களைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது.

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்ததும் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்குக் காலையில நான் அந்தத் தாள் வியாபாரியை நடிச்சுக் காட்டினேன். அது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது. மன்னிச்சிடுங்க."

"உங்களைக் கல் மனசுன்னு நினைச்சேன்" என்றான் அவன். "ஒரு காலையை மட்டும் வெச்சு முடிவு கட்டிட்டேன். நானும்தான் தப்பா எடை ப... போட்டுட்டேன்."

"அந்த வியாபாரிக்கிட்ட ஃபோன்ல மன்னிப்புக் கேட்டேன். எதுக்கும்மா, எனக்குத் தெரியவே தெரியாதேன்னார். அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு."

அவன் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுவாசிப்புக்கு ஐந்து வாரம் பிடித்தது. வாக்கியத்தின் முதலில் அந்த எழுத்து வந்தால் அவன் நிற்பான். சில நாள் சட்டென்று வரும், சில நாள் முழு நிமிஷம் ஆகும். சில சொற்களைத் தொடவே பயந்து எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுவிட்டு வருவான். அவள் என்ன சொல் என்று தாளில் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். ஒருநாள் பொறுக்காமல் "புன்னகை" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவன் முகம் விழுந்ததைப் பார்த்த பிறகு அந்த வேலையை அவள் திரும்பச் செய்யவில்லை. இருபத்துமூன்று இடத்திலும் மூலச் சொல் திரும்ப வந்து உட்கார்ந்தது. அவளும் ஒவ்வொன்றுக்கும் எழுந்து, சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போய், அவன் விரல் வைத்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் குறித்தாள். அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை, எட்டிப் பார்த்தாலே போதும் என்று கண்ணாடிக்காரி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

கடைசி அத்தியாயம் ஒரு வெயில் காலையில் முடிந்தது. அவன் பழைய புத்தகத்தைப் பதமாக மூடித் துணியில் சுற்றினான். அவள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வேலைக்கு அவனை வேறு மேஜைக்கு மாற்றப்போகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவள் தாள்களைத் தட்டி அடுக்கினாள், அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லுங்க."

"எனக்கு உங்களை ப..."

நின்றுவிட்டது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த எழுத்தில் தொடங்கி ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிற சொல் வேறென்ன இருக்கிறது! அவனிடம் மாற்றுச் சொல்லுக்கா பஞ்சம்? ஆசை என்று சொல்லலாம், விருப்பம் என்று சொல்லலாம், இஷ்டம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். வாழ்நாள் முழுக்க அதையே செய்து பழகியவன், ஒன்றையும் எடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தான்.

வடிவமைப்பாளர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கழுகு யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று காத்திருந்தாள்.

"ப... ப... பிடிச்சிருக்கு" என்றான் அவன்.

"எனக்கும்" என்றாள் அவள். சொல்லும்போது அவளுக்கும் குரல் தடுக்கியது.